பழுதாகி நின்ற வண்டியும் அடையாளச் சோதனையும்

பெரகலையில் தொடங்கி அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை வழியாக ஹாலிஎலைக்கு இறங்கும் ஏ16 வீதியில் வண்டி நின்றுபோவது புதிய செய்தியல்ல. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும். ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கும். மழைக்காலத்தில் மண்மேடு சரிந்து பாதையை அடைக்கும். அப்படி நின்ற வண்டியின் சாரதி காப்புறுதிக் கம்பனியின் அவசர இலக்கத்தை அழைத்தால் மறுமுனையிலிருந்து சில கேள்விகள் வரும். வண்டி இலக்கம் என்ன, காப்புறுதி யார் பெயரில் இருக்கிறது, அடையாள அட்டை இலக்கம் என்ன, பேசுவது உரிமையாளர்தானா? எங்கே நிற்கிறீர்கள் என்ற கேள்வி பல வேளைகளில் இவற்றுக்குப் பின்னாலேயே வரும்.

இந்த வரிசை நியாயமானதா? வழியில் தவிப்பவர் உதவி பெறுமுன் எதை நிரூபிக்க வேண்டும், யாரிடம், எந்த ஆவணத்தைக் கொண்டு? மோட்டார் வண்டி வீதிக்கு வந்த நாளிலிருந்து இதற்குப் பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. மலையகத்திலோ இந்தக் கேள்வி மோட்டார் வண்டியை விடப் பழையது. ஒரு மனிதர் வழியில் போகவும், உணவும் உதவியும் பெறவும் எதைக் காட்ட வேண்டும் என்பது இங்கே தோட்டங்கள் உருவான காலத்திலேயே எழுந்துவிட்டது. அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் இடறுகின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள். இவ்வீதி செல்லும் ஊவாத் தோட்டப் பகுதியை அளவுகோலாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒருவருடைய பெயர், முகவரி, உரிமைப் பத்திரம், மொழி எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் என்று எண்ணி வகுத்த முறையின் குறை, அவை பொருந்தாத இடத்தில்தான் தெரியவரும்.

பட்டயமும் தகரச் சீட்டும்

வீதியோர உதவி முதலில் சங்கங்களின் பணியாகவே இருந்தது. இலங்கை ஓட்டோமொபைல் சங்கம் 1904இல் உருவானது. பிரித்தானியாவின் ஏ.ஏ. எனப்படும் சங்கம் 1905இல் வந்தது. அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள் வண்டியின் முகப்பில் ஒரு பட்டயத்தைப் பொருத்திக்கொள்வார்கள். சைக்கிளில் ரோந்து வரும் ஊழியர் பட்டயத்தைக் கண்டதும் சல்யூட் அடிப்பார், வண்டி பழுதென்றால் இறங்கி உதவுவார். 1912 முதல் அந்நாட்டு வீதியோரங்களில் தொலைபேசிப் பெட்டிகள் நிறுத்தப்பட்டன. அவற்றைத் திறக்கும் சாவி உறுப்பினர் கையில் இருந்தது.

இம்முறையின் பலம் அதன் எளிமை. சாவி வைத்திருப்பவர் பெட்டியைத் திறந்து பேசலாம். பெயர், பிறந்த திகதி, உரிமையாளருக்கு என்ன உறவு என்றெல்லாம் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. பலவீனமும் அதே இடத்தில்தான் இருந்தது. சாவியையும் பட்டயத்தையும் இரவல் கொடுக்கலாம். சங்கத்தில் சேர வசதியில்லாதவர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாலும் பூட்டிய கதவைத்தான் பார்க்க முடியும். அக்காலத்து ஊவாவில் மோட்டார் வண்டி வைத்திருந்தவர்கள் தோட்டத் துரைமாரும் உயர் அதிகாரிகளும் இன்னும் சிலருந்தான். ஆகவே யாரை விலக்குகிறோம் என்ற கேள்வி இங்குள்ள சங்கத்துக்குள் பெரிதாக எழுந்திருக்க வாய்ப்பில்லை.

அதே காலத்தில், அதே மலைகளுக்கு வந்துகொண்டிருந்த இன்னொரு கூட்டத்துக்கும் ஓர் அடையாளம் தரப்பட்டது. 1900களின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தொழிலாளருக்குத் தோட்டத்தின் பதிவிலக்கம் பொறித்த தகர வில்லை அணிவிக்கப்பட்டது. அந்தத் தகரச் சீட்டு இருந்தால் வழிப்பயணத்துக்கும் உணவுக்கும் கையிலிருந்து பணம் கொடுக்க வேண்டியதில்லை. செலவு தோட்டத்தின் கணக்குக்குப் போகும். தோட்டத்துக்கு வந்தபின் இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். அவர்மீது எவ்வளவு கடன் இருக்கிறது, அதைத் தீர்த்தால் விடுவிக்கலாம் என்று எழுதிய தாள் அது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம் கட்டி முடிந்த 1921ஆம் ஆண்டிலேதான் துண்டு முறையும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

பட்டயத்தையும் தகரச் சீட்டையும் ஒரே தட்டில் வைப்பது இவ்விரு வரலாறுகளின் வேறுபாட்டை மறப்பதாகிவிடக் கூடாது. ஒன்று அணிந்தவருக்கு மரியாதை வாங்கித் தந்தது, மற்றது அணிந்தவரைக் கடனோடு கட்டியது. ஆனாலும் இரண்டும் கேட்ட கேள்வி ஒன்றே: இந்த உதவியின் செலவை யார் ஏற்பது? உதவி கேட்பவரின் அடையாளத்தைச் சோதிக்கும் வழக்கத்தின் அடியில் பெரும்பாலும் இந்தக் கணக்குக் கேள்வி இருக்கிறது. பிற்கால முறைகளை எடைபோடும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்வது பயனுள்ளது.

பதிவுப் புத்தகத்தில் இருக்கும் பெயர்

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதிச் சான்றிதழ் வேண்டும். இப்படி வீதியில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் ஏதோவொரு பெயரோடு பிணைக்கப்பட்டது. 1960களில் அரசுடைமையான காப்புறுதித் தொழில் 1980களின் பிற்பகுதியில் தனியாருக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதன்பின் கம்பனிகள் போட்டி போட்டுக்கொண்டு விபத்து நடந்த இடத்திலேயே மதிப்பீடு, பழுதான வண்டியை இழுத்துச் செல்லல், டயர் மாற்றல் போன்ற சேவைகளை முழுக் காப்புறுதியோடு சேர்த்து விற்றன. சங்கம் இருந்த இடத்துக்கு ஒப்பந்தம் வந்தது.

ஒப்பந்தக்காரர் தரப்பின் வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. காப்புறுதி எடுக்காதவர் எடுத்தவரின் இலக்கத்தைச் சொல்லி உதவி பெற்றால் செலவு மற்றவர்களின் கட்டணத்தில்தான் ஏறும். அதைவிட முக்கியமான காரணம் திருட்டு. ஒரு வண்டியைச் சத்தமில்லாமல் கொண்டுபோக இழுவை வண்டியைப் போல வசதியான கருவி வேறில்லை. எவரோ அழைத்து எவருடையதோ ஆன வண்டியை ஏற்றிவிடச் சொன்னால், கேள்வி கேட்காமல் ஏற்றும் நிறுவனம் திருடனுக்குத் துணைபோகும். ஆகவே ஏதோ ஒரு சோதனை வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

சிக்கல், எதைச் சோதிப்பது என்பதில் இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரும் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் ஆளும் ஒன்றாக இருப்பார்கள் என்ற எண்ணம் ஊவா வீதிகளில் அடிக்கடி பொய்த்துப்போகும். 'ஓப்பன் பேப்பர்' வண்டிகள் முதல் உதாரணம். விற்றவர் கையெழுத்திட்ட மாற்றப் படிவம் வாங்கியவர் பெட்டிக்குள் கிடக்கும், பதிவு மாறியிருக்காது. சில வண்டிகள் இப்படியே இரண்டு மூன்று கை மாறிவிடும். லீசிங்கில் எடுத்த முச்சக்கர வண்டியின் பதிவில் முழு உரிமையாளராகக் கம்பனி இருக்கும். நாள் வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டுபவர்கள் பலர். வளைகுடாவில் வீட்டு வேலை செய்யும் தாய் அனுப்பிய பணத்தில் வாங்கி, அவர் பெயரிலேயே பதிந்த வண்டியை மகன் ஓட்டுவான். உரிமையாளரோடு பேச வேண்டும் என்று அழைப்பு நிலையம் கேட்கும்போது அந்த உரிமையாளர் நேர வித்தியாசம் உள்ள ஒரு நாட்டில், வேலை நேரத்தில் தொலைபேசியைத் தொட முடியாத ஒரு வீட்டில் இருப்பார்.

2020இல் வாகன இறக்குமதி தடைப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சந்தையில் சுழன்றவை பழைய வண்டிகளே. பழைய வண்டிகள் அதிகம் பழுதாகும், அதிகம் கைமாறும். பெயரும் ஆளும் பொருந்தாத அழைப்புகள் இக்காலத்தில் கூடியிருக்கும் என்று கருத இடமுண்டு.

எல்லவைச் சுற்றிய சுற்றுலாத் தொழில் இன்னொரு வகையைச் சேர்த்தது. வெளிநாட்டுப் பயணிகள் முச்சக்கர வண்டியை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டுகிறார்கள். வண்டி நின்றால் அவர்கள் வாடகைக்குக் கொடுத்தவரை அழைப்பார்கள், அவர் கம்பனியை அழைப்பார். ஓட்டுபவர் உரிமையாளரல்ல என்பது அங்கே தடையாவதில்லை, இடையில் பேச ஒரு தொழில்முறை ஆள் இருக்கிறார். தோட்டத்து இளைஞன் தமையனின் வண்டியோடு நிற்கும்போது அவனுக்காகப் பேச அப்படி ஒருவர் இல்லை. இருவரின் சட்ட நிலையும் ஏறக்குறைய ஒன்றே: உரிமையாளரின் சம்மதத்தோடு ஓட்டும் வேறொருவர். இந்த வேறுபாடு கவனிக்கத்தக்கது.

உரிமையையும் கைவசத்தையும் பிரித்துப் பார்க்க முடியும் என்பதற்கு ஓர் அண்மைக் கால உதாரணம் 2022 ஜூலையில் வந்த தேசிய எரிபொருள் அட்டை. பதிவுக்குக் கேட்கப்பட்டவை அடையாள அட்டை இலக்கம், வண்டி இலக்கம், செசி இலக்கம். முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4, காருக்கு 20 என்று பங்கீடு தொடங்கியது. செசி இலக்கம் பெரும்பாலும் வண்டியையோ அதன் புத்தகத்தையோ கையில் வைத்திருப்பவருக்கே தெரியும். அது அவ்வண்டி உண்மையில் அவர் வசம் இருக்கிறது என்பதற்கு ஓரளவு நல்ல சான்று. மறுபக்கம், ஓர் அடையாள அட்டைக்கு ஒரு வண்டி என்ற விதியால், இரண்டாவது வண்டிக்கு வீட்டிலுள்ள வேறொருவரின் இலக்கத்தைப் போடும் வழக்கமும் வந்தது. ஆளைக் காட்ட வேண்டிய இலக்கம் பங்கீட்டுக்கான சாவியாக மாறியது. எரிபொருள் நெருக்கடியில் பிறந்த அந்த முறையிலிருந்து வீதியோர உதவிக்காரர் கற்கக்கூடியது செசி இலக்கம் பற்றிய பாடம்தான்.

அட்டை இலக்கம்

ஒப்பந்தப் பெயர் பொருந்தாதபோது நிறுவனங்கள் சாய்ந்துகொள்வது தேசிய அடையாள அட்டையின் மேல். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972 முதல் அட்டை வழங்கப்படுகிறது. நாட்டில் எல்லோருக்கும் பொதுவான ஓர் இலக்கம் என்பதால் இதை நடுநிலையான சான்றாகக் கருதுவோர் பலர். சங்கத்தில் சேரவோ வண்டி வாங்கவோ பணம் வேண்டும், அட்டை எல்லோருக்கும் உண்டு என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் தோட்ட மக்களுக்கு இந்த அட்டை வந்த வழி வேறு.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் பல ஆண்டு தொடர்ச்சியான வதிவுக்கு ஆவணம் கேட்டது. லயம் எனப்படும் தோட்ட வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு ஆவணம் என்றால் செக்ரோல் எனப்படும் தோட்டத்துப் பெயர்ப் பதிவேடும் துரை தரும் கடிதமுமே. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பிறகே நாடற்ற நிலை முடிவை நெருங்கியது. இடைப்பட்ட காலத்தில் அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி எழுத்தே வேறுபாட்டைச் சொன்னது. வாக்குரிமை உள்ளவருக்கு 'வீ', இல்லாதவருக்கு 'எக்ஸ்'.

அட்டைக்கான விண்ணப்பத்தைக் கிராமங்களில் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்துவார். தோட்டங்களில் அந்த அதிகாரம் தோட்ட அத்தியட்சகருக்கு இருந்தது. வேலை கொடுப்பவரே 'இவர் இன்னார்' என்று சான்று சொல்ல வேண்டிய நிலை இது. பெயரும் பல கைகளைக் கடந்தது. செக்ரோலில் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, அட்டையில் சிங்களத்தில் எழுதப்பட்ட மூன்றாவது வடிவம். வடக்கு கிழக்குக்கு வெளியே நெடுங்காலம் சிங்களத்தில் மட்டுமே வந்த அட்டை 2014இலிருந்துதான் இரு மொழியிலும் அச்சாகிறது. காப்புறுதிப் பத்திரத்தில் இந்தப் பெயர் ஆங்கிலத்துக்கு மாறும்போது நான்காவது வடிவம் பிறக்கும். தந்தை பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதும் எழுதுபவரைப் பொறுத்தது. தொலைபேசியில் 'முழுப் பெயரைச் சொல்லுங்கள்' என்று கேட்கும்போது எந்த ஆவணத்தின் முழுப் பெயர் என்ற குழப்பம் இயல்பானதே.

யுத்த காலத்து நினைவையும் இங்கே விட்டுவிட முடியாது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டமும் அவசரகால விதிகளும் நடைமுறையில் இருந்த ஆண்டுகளில் சோதனைச் சாவடியில் அட்டை இல்லாத மலையக இளைஞர் தடுத்துவைக்கப்படும் அபாயத்தோடே கொழும்புக்குப் போனார்கள். அட்டை இருந்தாலும் பெயரே கேள்விக்குக் காரணமானது. வீதியில் நின்றபடி அட்டை இலக்கம் சொல்லச் சொல்லும் குரலை அந்த அனுபவம் உள்ள ஒருவர் எவ்விதம் கேட்பார் என்பதை அழைப்பு நிலையங்களுக்கு வழிமுறை எழுதுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் இப்படித் தோன்றும் என்று சொல்ல இயலாது. தோன்றுகிறவர்களுக்கு அது அற்ப விஷயமல்ல.

வரலாற்றை ஒதுக்கிவிட்டுத் தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் அட்டை இலக்கம் பலவீனமான சான்றே. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும், பெண்ணானால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 முதல் வரும் பன்னிரண்டு இலக்க முறையிலும் ஆண்டு நான்கு இலக்கமானது தவிர அடிப்படை மாறவில்லை. ஆகவே அட்டை இலக்கத்தைக் கேட்டபின் பிறந்த திகதியைக் கேட்பது எதையும் கூடுதலாக உறுதிப்படுத்தாது. முதல் விடைக்குள்ளேயே இரண்டாவது விடை இருக்கிறது. வண்டி இலக்கமோ தகட்டில் எழுதியிருக்கிறது. அட்டையின் போட்டோக்கொப்பி வங்கி, சிம் கடை, லீசிங் அலுவலகம், பாடசாலை என்று எங்கும் கிடக்கிறது. ஒரு வண்டியைத் திருட நினைப்பவர் இந்த மூன்றையும் தேடி எடுத்துவிடலாம். நேர்மையான ஓட்டுநர் தமையனின் அட்டை இலக்கம் தெரியாமல் விழிப்பார். உள்ளே விட வேண்டியவரை நிறுத்தி, நிறுத்த வேண்டியவரை உள்ளே விடும் வாய்ப்புள்ள சோதனை இது.

இந்தியாவின் நிதியுதவியோடு நடக்கும் டிஜிட்டல் அடையாளத் திட்டம் இதைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. விரல் ரேகை, முகம் போன்றவற்றோடு பிணைந்த அடையாளம் போட்டோக்கொப்பியால் ஏமாறாது என்பது சரி. ஆயினும் அது உறுதிசெய்வது பேசுபவர் யார் என்பதை மட்டுமே. வண்டி அவர் கையில் நியாயமாக இருக்கிறதா என்ற கேள்வி அப்படியே நிற்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறித்த நோக்கத்துக்குத் தேவையான அளவு தரவே பெறப்பட வேண்டும் என்ற கொள்கையைக் கொண்டது. டயர் மாற்ற வருவதற்கு ஒருவரின் ஆட்பதிவு இலக்கம் தேவையா என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இடத்தைக் கேட்கும் முறை

எதிர்த் திசையிலிருந்து வரும் விடை, ஆளை விட்டுவிட்டு இடத்தைக் கேட்பது. இலங்கையில் இதற்கு மக்கள் நன்கறிந்த உதாரணம் 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை. 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் 88 அம்புலன்ஸ்களுடன் தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிந்தது. அழைப்பவரிடம் கேட்பது எங்கே, என்ன நடந்தது என்பதே. அட்டை இல்லாதவருக்கும் அம்புலன்ஸ் வரும், கட்டணமில்லை. இந்தியத் தேசிய நெடுஞ்சாலைகளின் 1033 இலக்கமும், இலங்கை அதிவேகப் பாதைகளின் 1969 இலக்கமும் இவ்வழியையே சார்ந்தவை. பிரித்தானியாவில் சங்கச் சாவியால் திறந்த பெட்டிகளுக்குப் பிறகு, மோட்டார் பாதைகளில் எவரும் எடுத்துப் பேசக்கூடிய தொலைபேசிகள் வந்தன. எந்தப் பெட்டியிலிருந்து பேசுகிறார் என்பதே இடத்தைச் சொல்லிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல் புதிய வகைக் கார்கள் பெரும் விபத்தில் சிக்கினால் தாமாகவே 112ஐ அழைத்து இடத்தையும் வண்டியின் அடையாள இலக்கத்தையும் அனுப்பும். ஓட்டுநர் பெயர் அதில் இல்லை.

ஏன் இம்முறைகளில் ஆள் யார் என்பது பின்னுக்குப் போயிற்று? செலவுக் கேள்விக்கு முன்னதாகவே விடை கிடைத்துவிட்டது. அரசு, பாதைக் கட்டணம், மானியம் என்று யாரோ ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். தகரச் சீட்டில் கண்ட கணக்குக் கேள்வி நீங்கிய இடத்தில் அடையாளக் கேள்வியும் தளர்கிறது. இதை எல்லா நாட்டுக்கும் பொது விதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், மேலே சொன்ன உதாரணங்கள் அந்தப் பக்கமே சாய்கின்றன.

தெமோதரைப் பக்கத்தில் இந்த விடைக்கும் சிரமங்கள் உண்டு. ஊவாவில் அதிவேகப் பாதை இல்லை. 1969 போன்ற சேவை ஏ16க்கோ கும்பல்வெலையிலிருந்து எல்லவை நோக்கி இறங்கும் ஏ23க்கோ கிடையாது. பள்ளத்தாக்கில் சிக்னல் விட்டுவிட்டு வரும். ரயில் பாதையே தன் நிலையத்துக்கு அடியில் சுற்றிப் போகும் இந்த ஊரில், வரைபடத்தில் விழும் ஒரு புள்ளி மேல் வீதியைக் குறிக்கிறதா, கீழே போகும் தோட்டப் பாதையைக் குறிக்கிறதா என்று சொல்லாது. தோட்டப் பிரிவுகளை மக்கள் அழைக்கும் தமிழ்ப் பெயர் ஒன்று, பதிவில் உள்ள பெயர் வேறொன்று. கொழும்பிலிருந்து பேசும் ஊழியருக்கு இரண்டாவது மட்டுமே திரையில் தெரியும். தோட்டப் பாதைகள் கம்பனி நிலத்தில் கிடப்பவை. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் செலவு செய்யத் தடையாக இருந்த சட்டப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. அப்பாதையில் இழுவை வண்டி இறங்குமா என்பது ஒப்பந்த வாசகத்தை மட்டுமல்ல, வருகிறவரின் துணிச்சலையும் பொறுத்தது.

முகவரியும் இதோடு சேர்ந்த பிரச்சினை. லயத்து வீடுகளில் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறிப் போய்ச் சேரும், சேராமலும் போகும். காப்புறுதி புதுப்பிக்கச் சொல்லும் அறிவித்தல் கிடைக்காமல் காலம் கடந்துவிட்டால், அழைப்பு நிலையத்தின் திரையில் அவர் 'உரிமை இல்லாதவர்' ஆகிவிடுவார். அடையாளச் சோதனையில் தோற்றதாகத் தெரிவது உண்மையில் தபால் சேவையின் தோல்வியாக இருக்கலாம்.

அறிந்தவர் வாக்கு

நடைமுறையில் பெரும்பாலான பழுதுகள் இந்த முறைகள் எதையும் தொடாமலே தீர்கின்றன. சந்தியில் இருக்கும் முச்சக்கர வண்டித் தரிப்பிடத்துக்கு ஓர் அழைப்பு போகும். அங்கிருந்து ஒருவர் கராஜ் பாஸை ஏற்றிக்கொண்டு வருவார். 'இன்ன பிரிவு இன்னாரின் மகன்' என்பதே போதும். முகம் தெரியும், குடும்பம் தெரியும், காசு பிறகு வரும் என்பதும் தெரியும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ள வண்டிகளுக்கு இதைத் தவிர வேறு வழியும் இல்லை. லீசிங் தீர்ந்தவுடன் பலர் முழுக் காப்புறுதியை விட்டுவிடுகிறார்கள்.

இதைப் புகழ்ந்து எழுதுவது எளிது. ஆனால் அறிமுகம் ஊர் எல்லையோடு நின்றுவிடும். தெமோதரையில் செல்லும் வாக்கு வெல்லவாய இறக்கத்தில் செல்லாது. அங்கே நிற்கும் தமிழ் இளைஞனுக்கு மொழியும் குறுக்கே வரலாம். இரவில் தனியாக நிற்கும் பெண்ணுக்கு யாரோ ஒருவரின் அறிமுகம் பாதுகாப்பாகவும் இருக்கலாம், எதிர்மாறாகவும் இருக்கலாம். விலைக்கும் வரம்பில்லை.

வருகிறவர் யார்?

இதுவரை பார்த்த எல்லா விடைகளும் ஒரு பக்கத்தையே சோதிக்கின்றன. உதவி கேட்பவர் தன்னை நிரூபிக்க வேண்டும். உதவ வருகிறவர் யார் என்று கேட்பவருக்குச் சொல்ல வேண்டிய கடமை அவ்வளவு தெளிவாக வகுக்கப்படவில்லை. இலங்கை நிலைமையில் இந்தக் குறை கனமானது.

தவணை தவறிய வண்டிகளை வீதியில் மறித்துப் பறிக்க லீசிங் கம்பனிகள் அமர்த்தும் 'சீசர்கள்' பற்றி முச்சக்கர வண்டி ஓட்டுபவர்களுக்குத் தெரியும். இரண்டு தவணை பிந்திய ஓட்டுநர் தன் வண்டி இலக்கம், அட்டை இலக்கம், நிற்கும் இடம் மூன்றையும் தொலைபேசியில் சொல்லும்போது, அத்தகவல் எங்கே போகிறது என்று அஞ்சுவது அதீதமல்ல. வண்டியை ஏற்றவந்த ஆள் கராஜுக்குக் கொண்டுபோகிறாரா, வேறெங்காவதா? வீதியோர உதவி வேண்டும்போதும் அழைக்காமல் விடுபவர்களில் ஒரு பகுதியினர் இந்தப் பயத்தால் விடுகிறார்கள் என்று கருத நியாயம் உண்டு.

தீர்வு கடினமானதல்ல. அழைப்பை ஏற்ற நிறுவனம் ஓட்டுநரின் தொலைபேசிக்கு ஒரு குறியீட்டை அனுப்பலாம். வருகிறவர் அதே குறியீட்டைச் சொன்னபின்பே வண்டியில் கை வைக்க வேண்டும். வருகிற வண்டியின் இலக்கம், எந்தக் கராஜுக்குப் போகும் என்ற விவரம் ஆகியவையும் முன்கூட்டியே தமிழில் வர வேண்டும். இம்முறையில் ஓட்டுநரின் அடையாளமும் ஓரளவு உறுதியாகிறது. குறியீடு காப்புறுதியில் பதிந்த இலக்கத்துக்குப் போகும், அதை வைத்திருப்பவரோ அவர் சொல்லிக்கொடுத்தவரோதான் சொல்ல முடியும். வளைகுடாவில் இருக்கும் தாய் வேலை முடிந்த ஒரு கணத்தில் நான்கு இலக்கங்களை மகனுக்கு அனுப்பிவிடலாம்.

திறந்திருக்கும் கேள்விகள்

கிடைக்கும் விடைகளை ஒருசேரப் பார்த்தால் சில புள்ளிகளில் ஓரளவு உடன்பாடு காண முடியும். அடையாளச் சோதனை என்ற ஒரே பெயருக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் அடைந்து கிடக்கின்றன. செலவை யார் ஏற்பது, வண்டி நியாயமாக இவர் கையில் இருக்கிறதா, ஆபத்து எங்கே இருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்தவுடனே ஆள் புறப்படலாம். இரண்டாவது கேள்வி வண்டியை இடம் மாற்றும் தறுவாயில்தான் எழுகிறது. டயர் மாற்றவும் பெட்டரிக்கு உயிர் கொடுக்கவும் அது தேவையே இல்லை. இழுத்துச் செல்வதானால் செசி இலக்கம், சாரதி அனுமதிப்பத்திரம், வண்டியின் ஆவணங்கள் ஆகியவற்றை வந்த ஆள் நேரில் பார்க்கலாம். முதல் கேள்வி கணக்குத் தீர்க்கும் நாள்வரை காத்திருக்கும். இப்போதுள்ள வரிசை இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் முடிவு. வளைவு ஒன்றின் மறைவில் நிற்கும் வண்டியை இன்னொரு வண்டி வந்து மோதுவதற்கு எடுக்கும் நேரம், பெயர் சரிபார்க்க எடுக்கும் நேரத்தை விடக் குறைவாக இருக்கலாம். எல்ல - வெல்லவாய வீதியில் 2025 செப்டெம்பரில் பஸ் பள்ளத்தில் விழுந்து பலர் இறந்த பிறகும், 2021 மார்ச்சில் பசறையில் அதேபோல் நடந்த பிறகும், இந்த வீதிகளில் நேரத்தின் விலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

தீராதவை இன்னும் பல. அடையாளம் கேட்காமல் ஆளை அனுப்பினால் வீண் அழைப்புகளின் செலவை யார் தாங்குவது? அதிவேகப் பாதையில் பாதைக் கட்டணம் இருக்கிறது, ஏ16இல் இல்லை. வருமான அனுமதிப்பத்திரக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி மலை வீதிகளுக்குப் பொது உதவிச் சேவை அமைக்கலாம் என்பது யோசிக்கத்தக்க வழி. ஆனால் அனுமதிப்பத்திரத்தை மாகாணங்கள் வழங்குகின்றன, பிரதான வீதிகளோ மத்திய அரசிடம் இருக்கின்றன. மொழியைப் பொறுத்தவரை, பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. அந்த அறிவிப்பு அரச அலுவலகங்களைப் பற்றியது. அங்கே காப்புறுதி விற்கும் தனியார் கம்பனியின் அவசர இலக்கத்தில் தமிழ் பேசும் ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு நிபந்தனை விதிக்கலாமா என்பது விவாதத்துக்குரியது. ஓப்பன் பேப்பர் வழக்கத்தைச் சட்டத்தால் இறுக்கினால் பெயரும் ஆளும் பொருந்தும். இறுக்கும்போது பதிவு மாற்றும் செலவும் கொழும்புக்கோ மாவட்ட அலுவலகத்துக்கோ அலையும் நாட்களும் முதலில் விழுவது, அந்த வழக்கத்தை விட்டால் வண்டியே வாங்க முடியாதவர்களின் தலையில். டிஜிட்டல் அடையாளம் நடைமுறைக்கு வரும்போது தோட்டத்து விண்ணப்பத்தை உறுதிப்படுத்துவது யார், பெயரின் எந்த வடிவம் நிலைக்கும் என்பவை அதற்கு முன்பே தீர்க்கப்பட வேண்டியவை. செக்ரோல் பெயரோடு ஒரு தலைமுறை புதிய பதிவேட்டுக்குள் நுழைந்துவிட்டால், பிறகு அதைத் திருத்த எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்பதும் அவற்றோடு சேர்ந்தே வரும்.